பெடியன் கேட்ட மான் துவக்கு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட இருந்த நேரத்தில் எங்கள் மகன் கேட்டான். "அப்பா, மான் வேட்டைக்குப் போக எனக்கு ஒரு றைபிள் வாங்கித் தருவீங்களோ?"

அவனுக்கு வயது பதின்மூன்று. அஜக்ஸில் அவனோடு படிக்கிற கனேடியப் பெடியன் ஒருவன் போன நவம்பரில் தகப்பனோடு வேட்டைக்குப் போய்வந்தவனாம். மனைவி கறி அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்து உயிர் தப்பி வந்தனாங்கள். இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கவோ? அதுவும் கந்தசஷ்டி வாற மாதத்திலையோ?"

"முருகனே வள்ளியைப் பார்க்க வேடனாத்தானே வந்தவர்" என்று பகிடி விட்டுப் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவும் இல்லை.

எங்கள் ஊர் வன்னிப் பக்கம். மான் வற்றலும் மரை இறைச்சியும் நாங்கள் அறியாதவை அல்ல. இடியன் துவக்கோடு காட்டுக்குள் போன பெரியவர்களைக் கண்டிருக்கிறோம். மிருகத்துக்குக் கட்டிய கட்டுத்துவக்கில் விறகுக்குப் போன மனிதர் கால் இழந்ததையும் கண்டிருக்கிறோம். பிறகு வந்த துவக்குகளைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு எழுதத் தேவையில்லை. ஆகவே மகனுக்கு "இல்லை" என்று சொல்வது எங்களுக்குச் சுகம். ஆனால் எதுவும் அறியாமல் சொல்கிற "இல்லை"யைப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள். வீட்டில் கிடைக்காததைச் சினேகிதன் வீட்டில் போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். எனவே ஒரு மாதம் விசாரித்தோம். வேலைத்தலத்தில் பக்கத்து மெசினில் நிற்கிற கனேடியர் ஒருவர் நீண்ட காலமாக வேட்டைக்குப் போகிறவர். சாப்பாட்டு இடைவேளைகளில் அவரிடம் கேட்டறிந்ததையும் அரசாங்கப் புத்தகங்களில் பார்த்ததையும் இங்கே தருகிறோம்.

முதலில் சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வேட்டைத் துவக்கைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை சிறுவர் லைசென்ஸ் ஒன்று உண்டு. அது இரவல் வாங்கிப் பாவிக்க மட்டுமே. ஒன்ராறியோவில் பன்னிரண்டு வயதிலிருந்து வேட்டை பழகலாம். அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், வேட்டைக் கல்விப் படிப்பில் சித்தியடைய வேண்டும், பதினெட்டு வயது கடந்த லைசென்ஸ்காரர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முக்கியமான விதி இதுதான்: பழகுகிற பிள்ளைக்கும் பழக்குகிறவருக்கும் சேர்த்து ஒரே ஒரு துவக்கு. ஆகவே பதின்மூன்று வயதுப் பெடியனுக்கு என்று தனியாக றைபிள் வாங்கும் பேச்சே இல்லை. பிள்ளையின் முதல் துவக்கு தகப்பனின் துவக்குத்தான். பிள்ளை படிப்பதற்கு முன்னால் தகப்பன் படிக்க வேண்டும்.

தகப்பனுக்கு வேண்டியது பி.ஏ.எல். என்று சொல்லப்படும் துவக்கு லைசென்ஸ். அதற்குப் பாதுகாப்புப் படிப்பும் இரண்டு சோதனைகளும் உண்டு, ஒன்று எழுத்து, மற்றது செய்முறை. எழுத்தில் 50 கேள்விகள், சித்தியடைய நூற்றுக்கு 80 வேண்டும். முதல் தடவை விண்ணப்பிக்கிறவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் வாழ்க்கைத்துணை கையெழுத்து வைக்க இடம் இருக்கிறது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அதிகாரிகள் துணைக்கு அறிவிப்பார்கள். இதை வாசித்துச் சொன்னபோதுதான் மனைவி இந்தக் கதையில் முதன்முறையாகக் காது கொடுத்தார்.

இனித் துவக்குக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் கொண்டு திரிந்த 303 வாசகர்களுக்கு நினைவிருக்கும். உலகப் போருக்குப் பிறகு அதே 303 மலிவு விலைக்கு வந்து, கனேடியக் குடியானவர்களின் மான் துவக்காக மாறியதாம். இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் முதன்முதலாகப் பழகுகிற பிள்ளைக்கு அது பாரம், உதையும் கூட. 30-06 என்பதும் அப்படித்தான். முதல் வெடியிலேயே தோள் நொந்தால், அடுத்த வெடிக்குப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும். கண்ணை மூடி வைத்த வெடி மானைக் காயப்படுத்தி ஓடவிடும், அல்லது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இங்கே அனுபவசாலிகள் முதலில் சொல்வது 243 வின்செஸ்டர். 1955இல் வந்தது. 30-06 உடன் பார்த்தால் உதை ஏறக்குறையப் பாதிதான். கிட்ட நிற்கிற வெண்வால் மானுக்குத் தாராளமாகப் போதும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு 7 எம்.எம். 08 றெமிங்ரன் நல்லது. எதுவானாலும் ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ஏற்றுகிற போல்ற் வகையாக இருக்கட்டும். இரண்டாவது வெடிக்கு முன் யோசிக்க நேரம் கிடைக்கும். தானாக ஏற்றும் துவக்குகளில் பல வகைகளை 2020 மே மாதத்தில் அரசாங்கம் தடை செய்தது, பின்னரும் அந்தப் பட்டியல் நீண்டது. "மலிவாக் கிடக்கு" என்று யாரிடமும் வாங்கிவிடாதீர்கள்.

குண்டின் அளவைவிடப் பெரிய விசயம் துவக்கின் கட்டை. பெரியவர்களுக்கான கட்டை சாதாரணமாகப் பதின்மூன்றரை அங்குலம் வரும், பிள்ளைக்கு ஓர் அங்குலமாவது குறைய வேண்டும். இடைத்துண்டு வைத்துக் கட்டையை நீட்டக்கூடிய வகைகள் உண்டு, பிள்ளை வளர வளர அதுவும் வளரும். கடையில் இப்படிப் பாருங்கள்: கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி விசைக்குச் சிரமமில்லாமல் எட்ட வேண்டும். இதைக் குளிர் ஜக்கற் போட்டுக்கொண்டே பாருங்கள். நவம்பரில் அந்த ஜக்கற்றோடுதான் நிற்கப் போகிறான். கடையில் ரீசேட்டோடு பொருந்திய கட்டை காட்டில் நீளமாகிவிடும். தூரக்கண்ணாடி பூட்டினால் கண்ணுக்கும் அதற்கும் மூன்று நான்கு அங்குல இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதைக்கிற வேகத்தில் புருவம் வெடிக்கும்.

பழக ஆரம்பிப்பது 22இல். அஜக்ஸிலிருந்து 401இல் கிழக்கே போனால் வருகிற கோபேர்க் என்ற ஊரில் முன்பு கூயி என்ற பெயரில் ஒற்றைவெடி 22கள் செய்தார்கள். கனடாவில் எத்தனையோ பிள்ளைகள் அதிலேதான் பழகினார்களாம். பழையது ஒன்று கிடைத்தால் பழகுவதற்கு அது போதும். ஆனால் 22 கொண்டு மான் வேட்டைக்குப் போவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம்.

இன்னொன்று. தெற்கு ஒன்ராறியோவில் எல்லா இடத்திலும் மானுக்கு றைபிள் பாவிக்க முடியாது. சில பிரிவுகளில் சொட்கன் மட்டும், சில பருவங்களில் வாயால் மருந்து இடிக்கிற துவக்கு மட்டும். ஆம், எங்கட இடியனுக்கு இங்கே தனிப் பருவமே இருக்கிறது! சொட்கன் பகுதியில் வேட்டையாடுவதானால் பிள்ளைக்கு 20 கேஜும் ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் பொருந்தும். ஆகவே எந்த நிலத்தில் வேட்டை என்று தீர்மானித்து, அரசாங்கத்தின் வேட்டை விதிப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இலக்கத்தைப் பார்த்த பிறகே துவக்கு வாங்க வேண்டும். தனியார் காணிக்குள் போவதானால் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். துவக்குப் பருவத்தில் செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் கட்டாயம்.

இனிக் கசப்பான பகுதி. வீட்டில் துவக்கு வைப்பதென்றால் தோட்டா இல்லாமல், பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவை வேறாகப் பூட்டுங்கள். எங்களில் பலர் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம். உடுப்புத் தோய்க்க வீட்டுக்காரர் இறங்கி வருவார், பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே ஒளித்துப் பிடித்து விளையாடும். கவனமில்லாமல் வைத்திருந்தால் அது கிரிமினல் குற்றம். இன்னும் பிரஜாவுரிமை எடுக்காதவர்களுக்கு அப்படி ஒரு தீர்ப்புக் குடிவரவுக் கோப்பையே கவிழ்த்துவிடக்கூடும்.

அதைவிடப் பெரியது ஒன்று. கனடாவில் துவக்கால் இறக்கிறவர்களில் அதிகமானோர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். இரவில் இன்னமும் திடுக்கிட்டு எழும்புகிறவர் இருக்கிற வீடு, குடி இருக்கிற வீடு, புருசன் பெண்சாதிக்குள் சண்டை இருக்கிற வீடு, இவற்றில் துவக்கு வேண்டவே வேண்டாம். இதை ஒளிக்காமல் எழுதுகிறோம். எங்களுக்குள் யார் எப்படி இருக்கிறோம் என்று எங்களுக்குத்தானே தெரியும். பிள்ளைக்கு ஆசை இருந்தால், துவக்கை வீட்டுக்குக் கொண்டுவராமல், தெரிந்த லைசென்ஸ்காரர் ஒருவரின் துவக்கோடு அவர் பக்கத்தில் நின்று பழக வழி இருக்கிறது.

இவ்வளவும் எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நாங்கள் குடியிருக்கிற இந்த அஜக்ஸே 1941இல் குண்டுக்கு மருந்து நிரப்புகிற தொழிற்சாலையாகத் தொடங்கிய ஊர். 1939இல் சண்டை பிடித்த ஒரு போர்க்கப்பலின் பெயரைத்தான் வைத்தார்கள். எங்களைப் போன்ற தொழிலாளர்கள் ஷிப்ற் ஷிப்றாக நின்று நான்கு கோடி குண்டுகள் நிரப்பினார்களாம். போர் முடிந்த பிறகு அதே இடத்தில் வீடும் பள்ளிக்கூடமும் வந்தன. அங்கேதான் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

எங்கள் வீட்டு முடிவையும் சொல்லிவிடுகிறோம். இந்த வருசம் துவக்கு இல்லை. மகனும் நாங்களும் படிப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு வந்த எங்களுக்கு இங்கிலீசில் சோதனை என்றதும் நெஞ்சு அடிக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் புத்தகத்தை வாசித்துத் தமிழில் சொல்கிறான்.

"அப்பா, முதலாவது விதி. எந்தத் துவக்கைக் கண்டாலும் அதுக்குள்ள தோட்டா இருக்கெண்டு நினைக்க வேணும்."

அதைப் புத்தகம் எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்று அவனுக்குச் சொல்லவில்லை. "சரி, ரெண்டாவது?" என்று கேட்டோம். வாய் எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாவது, விரல் விசைக்கு வெளியே. நான்காவது, தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

குசினியில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "முதல்ல ரெண்டு பேரும் பாஸ் பண்ணுங்கோ. என்ர கையெழுத்தைப் பிறகு பார்ப்பம்" என்றார்.

அந்தக் கையெழுத்துக் கிடைத்ததா என்று பிறகு ஓர் இதழில் எழுதுவோம்.