பல் சேராத வண்டி



சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் நம் மெக்கானிக்கல் பிளாக் வராண்டாவில் "கிர்ர்ர்..." என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டு போனதும், லேத்தில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்ததும் எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரன் அடியேன்தான். சத்தம் போட்டது என் லாரி.

லாரி என்றால் நிஜ லாரி அல்ல. நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் லாரி. ஒரு காயலாங்கடையில் ஓட்டை மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் நடுவில் தலைகீழாகக் கிடந்தது. ரிமோட்டும் சேர்த்து 450 ரூபாய். "தம்பி, ஓடும்னு நான் சொல்லல" என்று கடைக்காரர் முன்பே சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றினால் ஒரே திகைப்பு! அது ஒரு வண்டியே இல்லை; நாலைந்து வண்டிகளின் மிச்சம். முன் சக்கரம் ஒரு சைஸ், பின் சக்கரம் வேறு சைஸ். நாலு ஷாக் அப்சார்பரில் இரண்டில்தான் எண்ணெய் இருந்தது. ஒரு பக்கம் மில்லிமீட்டர் மரை, மறுபக்கம் அங்குல மரை. யாரோ ஒரு புண்ணியவான் 4-40 மரை போட்ட ஓட்டையில் எம்-3 ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றியிருந்தார். முதலாவதில் ஒரு சுற்றுக்கு 0.635 மில்லிமீட்டர், இரண்டாவதில் 0.5. எப்படிப் பிடிக்கும்? கை வைத்ததும் உருவிக்கொண்டு வந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "இதுக்காடா ஃபீஸ் கட்டறோம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான். பதில் சொல்ல அப்போது தெரியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சத்தம். மோட்டாரில் இருக்கும் சின்ன கியர் பினியன், அது சுற்றும் பெரிய பிளாஸ்டிக் கியர் ஸ்பர். ஸ்பர் கியரின் பல்லெல்லாம் எலி கடித்த தேங்காய் மாதிரி இருந்தது. பழசாகித் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, வேறொன்று தேடி வாங்கிப் போட்டேன். பத்தே நிமிடம், அதுவும் போச்சு! 'தரமில்லாத சரக்கு' என்று திட்டிக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் மெஷின் டிசைன் வகுப்பில் சார் போர்டில் எழுதுகிறார்: வெளி விட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் மாட்யூல். எத்தனை தடவை எழுதி மார்க் வாங்கிய சூத்திரம்! அன்றைக்குத்தான் அது என் பையில் இருக்கும் பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று உறைத்தது. வகுப்பு முடிந்ததும் வெர்னியரை எடுத்தேன். ஸ்பரில் 70 பல், வெளி விட்டம் 43.2, 72-ஆல் வகுத்தால் சரியாக 0.6. பினியனில் 18 பல், விட்டம் 10.58, 20-ஆல் வகுத்தால் 0.529. அதாவது ஒன்று ஜப்பான் டாமியா வண்டிகள் பலவற்றில் வரும் மாட்யூல் 0.6. மற்றொன்று அமெரிக்கக் கணக்கில் ஓர் அங்குல விட்டத்துக்கு 48 பல் என்று வெட்டும் ஜாதி. கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். சேர்த்து ஓட்டினால் பிளாஸ்டிக் அண்ணன் காலி. 0.6 மாட்யூல் பினியன் 280 ரூபாய், தபாலில் வர மூன்று வாரம். போட்டேன், சத்தம் நின்றது.

அடுத்தது ஸ்டியரிங். நேராக விட்டால் இடது பக்கம் ஓடியது. சர்வோ மோட்டாரின் தலையில் மாட்டும் கை ஃபெவிக்விக்கால் ஒட்டப்பட்டிருந்தது. ஏன் ஒட்டினார்கள்? செல்போன் கேமராவில் பெரிதாக்கி எண்ணினேன். சர்வோ தண்டில் 25 பல், கையின் ஓட்டையில் 24. ஃபியூட்டாபா சர்வோவுக்கு 25, ஹைடெக் சர்வோவுக்கு 24 என்று கம்பெனிக்கு ஒரு கணக்கு. பொருந்தாததைப் பசை போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள்.

பத்தடி தாண்டினால் வண்டி தானாகவே உதறியதே, அதை நான் கண்டுபிடிக்கவில்லை. இ.சி.இ. நண்பன்தான் வந்து பார்த்தான். "மாப்ளே, மோட்டார்ல கப்பாசிட்டரே இல்லையேடா!" என்றான். பிரஷ் மோட்டாரில் எழும் பொறி 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரைக் குழப்புமாம். 104 என்று அச்சிட்ட மூன்று சின்ன பீங்கான் கப்பாசிட்டர். இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் ஒவ்வொன்று. பத்து ரூபாய்கூட ஆகவில்லை. வராண்டாவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. இரண்டு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து கைதட்டிய நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆறாவது செமஸ்டர் வந்தால் புராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று நமக்குள் ஒளிவு மறைவு என்ன? நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு போட்டு, ரெடிமேடாக ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்து, ரிப்போர்ட்டையும் பைண்டு செய்து வாங்கிவிடுகிறோம். வைவாவில் "இந்த கியருக்கு என்ன மாட்யூல்?" என்று கேட்டால் நாலு பேரும் விட்டத்தைப் பார்க்கிறோம்... கூரையில் இருக்கிற விட்டத்தை! அந்தப் பத்தாயிரமும் யார் வீட்டிலோ சீட்டுப் போட்டோ, கம்மலை வைத்தோ வந்த பணம்.

என் லாரிக்கும் செலவு இல்லாமல் இல்லை. பேட்டரி 900, சார்ஜர் 350, கருகிப்போன பழைய ஸ்பீடு கன்ட்ரோலுக்குப் பதில் எலக்ட்ரானிக் ஒன்று 650. வண்டி விலையும் பினியனும் சேர்த்து 2,630 ரூபாய். அது போக நான் பாழாக்கிய ஸ்பர் கியர் கணக்கில் வராது! கூட வந்த நிக்கல் காட்மியம் பேட்டரியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அது விஷம், குப்பையில் போடாதீர்கள். நான் மின்கழிவு வாங்குபவரிடம் தனியாகக் கட்டிக் கொடுத்தேன்.

ஒரு சார், "இதுல புதுமை என்னப்பா இருக்கு? டைட்டில் என்னன்னு எழுதுவே?" என்றார். புதுமை இல்லைதான். 'எப்படியாவது ஓட்டிவிடும் தமிழன் மூளை' என்று சிலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பசை போட்டதும், மரையைக் கட்டாயப்படுத்தி ஏற்றியதும் அந்த 'எப்படியாவது' மூளைதானே? லாரி ஓட்டும் என் அப்பா ஒரு வார்த்தை சொன்னார்: "பழைய ஸ்பேர் போடலாம்டா, தப்பில்ல. எந்த வண்டி ஸ்பேருன்னு தெரியாம போட்டா பிரேக் பிடிக்காது." பழசு வேறு, பொருந்தாதது வேறு. நான் மூன்று வாரம் தபாலுக்குக் காத்திருந்தது அதற்காகத்தான்.

நம் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் கண்டம் செய்த சாமான்கள் மழையில் கிடக்கின்றன. பம்பு, மோட்டார், பழைய அளவுக் கருவி, எல்லாம் ஒருநாள் கிலோக் கணக்கில் ஏலம் போகும். ஏலத்துக்கு முன்னால் ஒரே ஒரு மாதம் அவற்றைக் கழற்றிப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி வேண்டும். சரிசெய்து ஓட்டிக் காட்டினால் அதையே புராஜெக்டாக ஏற்க வேண்டும். நம் மாணவர் பேரவை நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கேன்டீன் டீ விலைக்குக் கூட்டம் போட்டோமே, இதற்கும் ஒரு கூட்டம் போடலாமே!

லாரி இன்னும் முழுசாகத் தேறவில்லை. அந்த 24 பல் கையைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். 25 பல் உள்ள கை யாரிடமாவது சும்மா கிடந்தால், நாலரை மணிக்கு மேல் வராண்டாப் பக்கம் வாருங்கள். ஒரு ரவுண்டு ஓட்டத் தருகிறேன்.