யாருடைய கருமுட்டை?

வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி செபிக்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுள் நாற்பதைக் கடந்தவர்களும் உண்டு. பலரது கைப்பையில் செபமாலையோடு கருத்தரிப்பு மையத்தின் ஃபைலும் இருக்கிறது.

பெண் குழந்தை ஏறக்குறைய பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. அதன்பின் அவை பெருகுவதில்லை, குறையவே செய்கின்றன. வயது ஏற ஏற, எஞ்சியவற்றில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாத முட்டைகள் மிகுதியாகின்றன. நாற்பதுக்குமேல் கரு தங்காமற்போவதற்கும் கலைவதற்கும் முக்கிய காரணம் இதுவே. ஏஎம்எச் இரத்தப் பரிசோதனை முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. இழந்த தரத்தை மீட்டுத் தரும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்தும் இல்லை. எனவே இரண்டு மூன்று முறை ஐவிஎஃப் தோற்றபின், 'டோனர் முட்டை வைத்துப் பார்க்கலாமா?' என்ற பேச்சு மெதுவாக வருகிறது. அதில் வெற்றி வாய்ப்பு கூடுவது உண்மை. ஏனெனில் அப்போது கணக்கில் வருவது முட்டை தந்தவரின் வயது.

2019 செப்டம்பரில் ஆந்திராவின் குண்டூரில் 74 வயதுப் பெண் ஒருவர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றதை அதிசயமாகப் பேசினோம். அந்த முட்டை வேறொரு பெண்ணுடையது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2021-ஆம் ஆண்டின் சட்டம் இச்சிகிச்சைக்குப் பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது என வரம்பு வைத்தது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்குமேல் எடுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

சட்டம் நடைமுறைக்கு வந்த 2022-ஆம் ஆண்டிலேயே, ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை விற்றதாக அவளுடைய தாய் உள்ளிட்டோர் கைதாயினர். ஆதாரில் வயதை மாற்றியதாகக் குற்றச்சாட்டு. முட்டை எடுப்பதற்குப் பல நாள் ஊசி போட வேண்டும், மயக்கம் கொடுத்துக் கருப்பையில் இருந்தல்ல, சினைப்பையில் இருந்து ஊசியால் உறிஞ்ச வேண்டும். அந்த உடல் யாருடையது? சாராவின் கண்ணீரைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அவளுக்காகப் பிள்ளை பெற அனுப்பப்பட்ட அடிமைப் பெண் ஆகாரைப் பற்றி எத்தனை முறை பேசினோம்?

1987-இல் வெளியான 'தோனும் வீத்தே' ஏட்டில் திருஅவை, மூன்றாமவரின் முட்டையையும், உடலுக்கு வெளியே கருவாக்குவதையும் ஏற்கவில்லை. உருவாக்கப்படும் கருக்களில் பல உறைய வைக்கப்படுகின்றன, கழிக்கப்படுகின்றன. ஆனால் தைராய்டு, அடைபட்ட கருக்குழாய், கணவரின் குறைபாடு இவற்றுக்கு மருத்துவம் பார்ப்பதைத் திருஅவை தடுக்கவில்லை. இதை நம் மக்களுக்கு நாம் சரியாகச் சொல்வதே இல்லை. 1978-இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது, பின்னர் திருத்தந்தை முதலாம் யோவான் பவுலான கர்தினால் லூச்சியானி, அம்முறையை ஏற்காமலேயே அக்குழந்தையை வாழ்த்தினார், பெற்றோரைக் கண்டனம் செய்ய மறுத்தார்.

அந்தப் பரிவு நம் பங்குகளில் உண்டா? 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கோவில் வாசலிலேயே கேட்கிறோம். வளைகாப்பில் சிலரைப் பின்னால் நிறுத்துகிறோம். கடன் வாங்கியாவது மையத்துக்கு ஓட வைப்பதில் நம் வாய்க்கும் பங்குண்டு.

தத்தெடுத்தலைக் கடைசி வழியாகவே நினைக்கிறோம். அதற்கும் வயது உண்டு. 2022-ஆம் ஆண்டின் விதிகளின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பதிவு செய்யும் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90. பதிவு செய்தபின்னும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது. மையத்தில் மூன்று ஆண்டுகள் கழிந்தால், இந்தக் கணக்கில் ஆறு ஆண்டுகள் போய்விடும். நம் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியதில்லை.