பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் மருத்துவமா?

16 வயது நிரம்பிய ஒருவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், தன் செயலின் விளைவு அவருக்குப் புரிந்திருந்ததா என்று இளைஞர் நீதிக் குழுமம் ஆராய வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். புரிந்திருந்தது என்று குழுமம் கருதினால், பெரியவர்களை விசாரிப்பதுபோலவே அவரையும் விசாரிக்க வழி இருக்கிறது. அதே வயதுப் பெண் ஒருத்தி அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் தனியாக வந்து நின்றால் அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்காங்க?" என்பதுதான். தன் உடம்புக்கு என்ன, அதற்கு என்ன சிகிச்சை, செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவளுக்குப் புரிகிறதா என்று ஆராய எந்தக் குழுமமும் இல்லை. தண்டிப்பதற்கு மட்டும் முதிர்ச்சியைத் தேடிப் பார்க்கும் சட்டம், மருந்து கேட்டு வரும்போது அதைத் தேடிக்கூடப் பார்க்க மறுப்பது அநீதி.

இந்தியாவில் பொதுவான சிகிச்சைக்குச் சுயமாக ஒப்புதல் தரும் வயது இதுதான் என்று தெளிவாகச் சொல்லும் தனிச் சட்டம் கிடையாது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தையின் ஒப்புதல் செல்லாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. 12-க்கும் 18-க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் சட்டத்தின் மௌனத்தில் கிடக்கின்றன. வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனைகள் அந்த மௌனத்தை 18 என்று வாசித்துக்கொள்கின்றன.

சட்டம் பேசும் இடங்களிலோ முரண்பாடு இன்னும் கூர்மையாகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தில் 32-ஆம் பிரிவு மனிதத்தன்மை மிக்கது. நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தைத் தாங்கி நடத்தும், போதிய முதிர்ச்சியுள்ள 12 வயதுப் பிள்ளைகூடத் தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக இருந்து பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறது அது. தங்கைக்காக ஒப்புதல் தரும் தகுதி அந்த அக்காவுக்கு இருக்கிறது. அவளே தனக்கு எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள நம்பிக்கை மையத்துக்குப் போனால், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் கேட்பதே நடைமுறை.

கருக்கலைப்புச் சட்டத்துக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(4)-ஆம் பிரிவு, 18 வயது நிறையாத பெண்ணின் கருவைக் கலைக்கப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்கிறது. அடுத்த வரியில், கருவுற்ற பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கருவையும் கலைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, முந்தைய வரிக்கு உட்பட்டே அது பொருந்தும் என்று விலக்கும் அளிக்கிறது. அப்படியென்றால், சட்டத்தின் எழுத்துப்படி சிறுமியின் சம்மதம் கேட்கப்பட வேண்டிய ஒன்றே அல்ல. வேண்டாம் என்று அவள் அழுதாலும், வேண்டும் என்று கெஞ்சினாலும், கையெழுத்து மற்றவருடையது. 2024-இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், பாதுகாவலரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் வேறுபட்டால் சிறுமியின் கருத்துக்கு உரிய இடம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2021-இல் இதே சட்டத்தைத் திருத்தி, 18 வயது நிறையாதவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்குக் கால வரம்பை 24 வாரமாக நீட்டிய நாடாளுமன்றம், அந்தக் கையெழுத்தை மட்டும் தொடாமல் விட்டது. பயந்து ஒளித்து வைக்கப்பட்ட கர்ப்பங்களில் அந்த 24 வாரம் எப்படிக் கரைகிறது என்பதை, அதற்குப் பிறகு உயர் நீதிமன்றப் படியேறும் வழக்குகள் சொல்கின்றன.

அந்தப் பயத்தில் பெரும்பங்கு போக்சோ சட்டத்தால் வருவது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் பாலியல் உறவுக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குத் தகவல் சொல்வது எல்லோருக்கும் கடமை என்கிறது 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் ஆறு மாதம்வரை சிறை. குழந்தையைச் சிதைப்பவனைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட இந்தப் பிரிவின் தேவையை நாம் மறுக்கவில்லை. காதலித்த 17 வயதுப் பெண்ணுக்கும், கல்யாணம் செய்து வைக்கப்பட்ட 17 வயதுப் பெண்ணுக்கும் அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். அப்படிக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் வயது தெரியும். வயது தெரிந்தால் போலீஸ் வரும். வீட்டார் அவளை மறைக்கிறார்கள். ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் அதிகம் தாக்கக்கூடிய வயதில், ரத்தம் சோதிக்காமல், பி.பி. பார்க்காமல் மாதங்கள் ஓடுகின்றன. காதலித்த பெண்ணோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுகிறாள்.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் காவல்துறைக்கான தகவலில் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த விலக்கும் சிறுமியும் பாதுகாவலரும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். பாதுகாவலரே குற்றவாளி என்றால்? வீட்டுக்குள்ளேயே, நெருங்கிய உறவினராலேயே நடக்கும் வன்முறை நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. சீரழித்தவனின் கையெழுத்துக்காகவோ, அவனுக்கு அஞ்சி வாழும் தாயின் கையெழுத்துக்காகவோ அந்தப் பெண்ணைக் காத்திருக்க வைப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க நமக்கு வாய் வரவில்லை.

மனநலத்திலும் இதே கதை. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, சிறார் ஒருவருடன் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் இருந்தால்தான் மருத்துவர் ஆலோசனை தரலாம். வீட்டில் அடிபடும் பையன், சாகத் தோன்றுகிறது என்பதை அடிப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டா சொல்வான்?

பெற்றோர் தரப்பில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. பெற்று வளர்த்த எங்களுக்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஊசி போடுவதா என்று கேட்பார்கள். அந்தக் கவலையை நாம் மதிக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் வந்தால் முதலில் தெரிவது அம்மாவுக்குத்தான். சட்டம் மாறினாலும் அது மாறாது. சொல்ல முடிந்த பிள்ளை சொல்லிவிடும். சொல்ல முடியாத பிள்ளைக்காகத்தான் இந்த உரிமை. இங்கிலாந்தில் 16 வயது நிரம்பியவர் சிகிச்சைக்குச் சுயமாக ஒப்புதல் தரலாம் என்று 1969-லேயே சட்டம் வந்தது. அதற்கும் குறைந்த வயதில், சொல்லப்படுவதை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்தால் போதும் என்று 1985-இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பெற்றோரிடம் சொல்லும்படி மருத்துவர் முதலில் வற்புறுத்திப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. குடும்பத்தை வெட்டிவிடாமல் பிள்ளையைக் காக்கும் வழி அது.

நம் நாடாளுமன்றம் செய்ய வேண்டியது தெளிவு. 16 வயது நிரம்பியவரின் ஒப்புதல் அவருடைய சிகிச்சைக்குப் போதும் என்று சட்டம் வர வேண்டும். அதற்குக் கீழ், புரிதல் இருக்கிறதா என்று மருத்துவர் மதிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். நல்லெண்ணத்துடன் முடிவெடுத்த மருத்துவர் மீது வழக்குப் பாயக் கூடாது. கருக்கலைப்புச் சட்டத்தின் 3(4)-ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். அடையாளத்தை மறைக்கும் விலக்குக்குச் சிறுமி கேட்டாலே போதும் என்று ஆக வேண்டும்.

அதுவரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்காக 2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. அங்கும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 12 வயது தாண்டிய பிள்ளையிடம் மருத்துவர் முதலில் தனியாகப் பேச வேண்டும், பேசியதை அந்தப் பிள்ளையின் சம்மதமின்றி வீட்டாரிடம் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு என்று சுகாதாரத் துறை இந்த மாதமே சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, துறைச் செயலாளருடையதைத் தவிர.