யாருக்குச் சுத்தமான புத்தகம்?

கிறிஸ்தவ வீட்டுக்குள் ஒரு புத்தகம் வர வேண்டுமானால் மூன்று கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். விசுவாசத்தை வளர்க்குமா? கெட்ட வார்த்தை இருக்கிறதா? பெண்பிள்ளை படித்தால் கெட்டுப்போவாளா? கடைசிக் கேள்விக்காகத்தான் மற்ற இரண்டும். ஆண்பிள்ளையின் கைப்பேசியை யாரும் இப்படி விசாரிப்பதில்லை.

செங்கல்பட்டிலிருந்து நாங்கள் போன குடும்ப முகாம் ஒன்று மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது. புத்தக மேசையில் ‘குடும்பத்துக்கு உகந்த நூல்கள்’ என்று ஒரு பட்டியல். மனைவியின் கடமை பற்றி நான்கு நூல்கள். கணவனின் கடமை பற்றி ஒன்றுகூட இல்லை. பாமாவின் ‘கருக்கு’ ஏன் இல்லை என்று கேட்டேன். “அது ஆர்.சி. மடத்துக் கதைம்மா. பாஷையும் சுத்தமில்ல, திருச்சபையைத் தூஷிக்குது” என்றார் அங்கிருந்த ஐயா. படித்தீர்களா என்றால், இல்லை.

மேசையின் நடுவில் ‘மோட்சப் பிரயாணம்’ இருந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்டது. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். நல்ல புத்தகம்தான், என் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் கதை எப்படித் தொடங்குகிறது? மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கதற, ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு நித்திய ஜீவனைத் தேடி ஓடுகிறான். அந்த மனைவிக்கும் ஒரு பயணம் உண்டு என்று இரண்டாம் பாகம் வர 1684 ஆகிவிட்டது. குடும்பத்தை விட்டு ஓடுகிற ஆண் குடும்பத்துக்கு உகந்தவன். மடத்துக்குள்ளும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறிய பெண், 1992இல் அதை எழுதினால் தூஷணக்காரி.

‘கருக்கு’ விசுவாசத்தைக் குலைக்கிறது என்பவர்கள் அதைத் திறந்து பார்க்கட்டும். ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை மடம் தனக்குக் காட்டவில்லையே என்பதுதான் பாமாவின் கோபம். இதைவிட விசுவாசமான கோபம் எது?

பாஷை சுத்தமில்லையாம். 1892இன் பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது, இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் பறையர்களைப் பற்றி கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை. அந்த மக்களின் கொள்ளுப்பேத்திகள்தான் எங்கள் சபையில் பாதிப்பேர். அவர்கள் வீட்டில் பேசுவதுபோல் எழுதினால் அசுத்தமா? அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தில், தேவன் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற சத்தம் பேதுருவுக்கு எங்கே கேட்டது? கடலோரத்தில், தோல் பதனிடுகிறவன் வீட்டு மாடியில். பிரசங்கத்தில் அந்த வீட்டுக்காரனின் தொழிலைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

பெண்பிள்ளை கெட்டுப்போவாள் என்ற பயம் உண்மையானால், முதலில் வேதத்தைத்தான் பூட்டிவைக்க வேண்டும். 2 சாமுவேல் 13இல் தாமாரை அவளுடைய அண்ணனே பலாத்காரம் செய்கிறான். இன்னொரு அண்ணன் சும்மா இரு என்கிறான். தகப்பன் தாவீது கோபப்படுகிறார், அதோடு சரி. இன்றைக்கும் எத்தனை வீடுகளில் இதேதான்! தனக்கு நடந்ததற்குப் பெயர் இருக்கிறது, அது தன் பாவமல்ல என்று ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டுமானால் இப்படிப்பட்ட பக்கங்கள் அவள் கையில் கிடைக்க வேண்டும். ‘உகந்த நூல்கள்’ அவளுக்கு அடக்கத்தை மட்டுமே கற்றுத் தருகின்றன.

எங்கள் சங்கத்துப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் ‘கருக்கு’ வாசிக்கிறோம். எழுத்தறியாத ஒரு பாட்டி கேட்டுவிட்டு, “ஊரு வேறயா இருந்தாலும் நம்ம பேச்சுதான்” என்றார். இனிப் பட்டியலை நாங்கள் எழுதுகிறோம். வீட்டு ஜெபத்தில் தாமாரின் அதிகாரம் வருகிற இரவில், பையன்களையும் உட்காரவைத்து, அப்பாக்களே சத்தமாக வாசிக்கட்டும்.