எல்லைக் கல் இல்லாமல் காணி இல்லை



என் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் போன தவணையில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டார்கள். விசாரித்தேன். "அவங்க வேலியத் தள்ளிப் போட்டுட்டாங்க சேர், பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு" என்றது ஒன்று.

இரண்டு குடும்பமும் எனக்குத் தெரிந்த குடும்பங்கள். இரண்டு தலைமுறையாக ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். நடுவில் ஒரே சுவர், தண்ணீருக்கு ஒரே பீலி. அப்போதெல்லாம் வராத சண்டை, தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் கிடைத்து ஒரு வருஷம் ஆவதற்குள் வந்துவிட்டது.

அன்று பின்னேரமே போய்ப் பார்த்தேன். பாதை வெட்ட வந்த பெக்கோ இரண்டு எல்லைக் கற்களைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. கல் இருந்த இடம் இதுதான் என்று ஒருவர் தன் நினைவின்படி வேலி போட்டார். மற்றவரின் நினைவு வேறு. ஒன்றரை அடி வித்தியாசம். நில அளவை வரைபடத்தின் பிரதி இருவர் கையிலும் இல்லை. இதில் யாரை நான் குறை சொல்வது?

ஒன்றரை அடிதானே என்று துரைமார் சிரிக்கலாம். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1906 சதுர அடி. 50 அடி நீளமான எல்லையில் ஒன்றரை அடி போனால் 75 சதுர அடி போகிறது. கால் பேர்ச்சஸுக்கும் அதிகம். ஒரு கழிவறையும் குளிக்கும் இடமும் கட்டலாம். ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவருக்கு அது ஒன்றுமில்லை, நமக்கு அப்படியல்ல.

எல்லை என்பது நமக்குப் புதிய விஷயம். தோட்டத்துக்குள் மலைக்கு நம்பர் இருந்தது, கானும் பாதையும் இருந்தன. அவை தோட்டத்தின் எல்லைகள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறியது. இத்தனை கைமாறலிலும் லயத்து வாசலில் இருந்த மரக்கறித் துண்டுகூட நம் பெயருக்கு வரவில்லை. பிறகுதான் 'பசுமை பூமி' உறுதியும், 10 பேர்ச்சஸ் என்ற பேச்சும் வந்தன.

நம் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. நுவரெலியாவைப் போல இங்கே தோட்டத்தை அடுத்துத் தோட்டமே வருவதில்லை. இறப்பர் மலை முடியும் இடத்தில் சிங்களக் கிராமம் தொடங்கிவிடும். "இது எங்கள் பாட்டன் காணி" என்று அயலவர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு நாம் கோபப்படுவதில் நியாயமில்லை. 1840இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணி என்றது. கண்டிச் சீமைக் கிராமத்தவர்கள் பலர் அப்படி இழந்தார்கள். காணிக் கொடுக்கல் வாங்கலை எழுத்தில், நொத்தாரிசு முன்னால் செய்ய வேண்டும் என்ற சட்டமும் அதே 1840இல்தான் வந்தது. கடுதாசி இல்லாதவனிடமிருந்து பறிக்கவும் ஒரு சட்டம், கடுதாசி வேண்டும் என்று சொல்லவும் ஒரு சட்டம்! ஆகவே கிராமத்தோடு ஒட்டிய காணி கிடைத்தால், கல் நடும் நாளில் அந்த அயலவரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். 'மாயிம' எங்கே என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அன்றைக்கு ஒரு தேத்தண்ணி கொடுப்பது பிறகு பொலிசுக்கு நடப்பதைவிட நல்லது.

அளப்பதைப் பற்றி ஒன்று. வரைபடத்தில் இருக்கும் அளவு மட்டமாகப் பிடித்த அளவு. நாமோ நாடாவைச் சரிவில் தரையோடு படுக்கவைத்து இழுக்கிறோம். 30 பாகை சரிவில் அப்படி 50 அடி அளந்தால் வரைபடக் கணக்கில் அது 43 அடிதான். இது தெரியாமல் "எனக்குக் கூட வந்திருக்கு, உனக்குக் குறையுது" என்று முட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. நாடாவை வைத்துவிட்டு உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கேளுங்கள். கிளிரிசிடியா நட்டு உயிர்வேலி போடுபவர்கள் கல்லுக்கு உள்பக்கம் தள்ளி நடுங்கள். அது பருக்கும், சாயும். கூரைத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் மண்ணை அரிக்காமல் கான் வெட்டுவதும் எல்லைப் பிரச்சினையில் சேர்ந்ததுதான். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. மண் நகர்ந்தால் கல்லும் நகரும். அப்போது பழைய இடத்தைச் சொல்ல வரைபடம் ஒன்றே மிஞ்சும்.

சண்டை வந்தேவிட்டால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது அது. அங்கே சட்டத்தரணி வாதாட இடமில்லை. நம் வாயாலேயே பேசலாம். ஆனால் அது தீர்ப்புச் சொல்லாது, இருவரும் இணங்கினால்தான் முடியும். "பத்து வருஷமாக நான்தான் வைத்திருக்கிறேன்" என்ற பேச்சைத் தனியார் காணியில் சொல்லிப் பார்க்கலாம். அரச காணியில் அது செல்லாது. தோட்டக் காணியில் பெரும்பகுதி அரச காணி என்பதை நினைவில் வையுங்கள்.

சங்கம் கேட்பது இதுதான். உறுதி கொடுக்கும்போதே வரைபட இலக்கம், துண்டு இலக்கம், நான்கு எல்லை, நில அளவையாளரின் கையொப்பம் எல்லாம் உள்ள பிரதியும் கொடுக்க வேண்டும். அதைத் தமிழில் கேட்க நமக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. மேடையில் வாங்கிய கடுதாசியில் இந்த இலக்கங்கள் இல்லையென்றால் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதை வெட்டும்போது கல்லைப் பிடுங்கியவர் யாரோ, அவர் செலவில்தான் மறுபடியும் அளந்து நட வேண்டும். கூலிக்காரன் பல நாள் பெயரைக் கொடுத்து அந்தக் காசு கட்ட முடியாது.

மேலே சொன்ன இரண்டு குடும்பமும் வேலியைப் பிடுங்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கல் இன்னும் நடப்படவில்லை. பாதை வேலை எடுத்த கொந்தராத்துக்காரருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் மட்டும் ஒரே வாங்குக்குத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்களிடம் இருக்கும் காணிக் கடுதாசியின் பிரதியைத் தலைவரிடம் கொடுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும்.