என்ஜினீயரிங் படிக்காதவருக்குக் கம்ப்யூட்டர் வேலை இல்லையா?

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சு. "பையனை எப்படியாவது என்ஜினீயரிங்கில் சேர்த்துவிட வேண்டும்."

பணம்? தாயின் நகை அடகுக்குப் போகும். நிலத்துப் பத்திரம் பாங்கிக்குப் போகும். நான்கு ஆண்டு கழித்துப் பையன் பட்டத்தோடு வருவான். வேலை கிடைக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

இன்னொரு வீடு. அங்கே அடகு வைக்க ஒன்றும் இல்லை. பெண் பி.காம். படித்திருக்கிறாள். "கம்ப்யூட்டர் வேலை நமக்குச் சரிப்படாது" என்று அவளே முடிவு கட்டிவிடுகிறாள்.

என்ஜினீயருக்குத்தான் அந்த வேலை என்று இரண்டு வீட்டாரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு.

ஆறு பவுண்டு முதல்

ஸ்டெபானி ஷெர்லி என்ற அம்மையாரின் கதையைக் கேளுங்கள். அவர் 1933-ல் ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை யூதர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்ப, 1939-ல், ஐந்து வயதில் அகதிக் குழந்தையாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 18 வயதில் லண்டனில் தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குப் போனார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. இப்படிப் படித்துப் பட்டம் வாங்க ஆறு ஆண்டு ஆயிற்று. அதுவும் கணக்குப் பட்டம்தான்!

1962-ல் தம் வீட்டிலேயே புரோகிராம் எழுதும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். கையில் இருந்த முதல், ஆறு பவுண்டு. வேலை கேட்டுப் பெண் பெயரில் கடிதம் போட்டார். பதில் இல்லை. "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட்டார். பதில் வந்தது!

அவரிடம் வேலை செய்தவர்கள் யார்? பெரும்பாலும், குழந்தை பிறந்ததால் உத்தியோகத்தை விட்டுவிட்ட தாய்மார்கள். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். வீட்டில் இருந்தபடியே, பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதினார்கள். கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம் இப்படி எழுதப்பட்டதுதான். ஷெர்லி அம்மையார் 2025-ல் காலமானார்.

"அது அந்தக் காலம். அப்போது கம்ப்யூட்டர் பட்டம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்று பட்டதாரிகள் ஏராளம். பல கம்பெனிகள் பட்டம் இல்லாதவரின் விண்ணப்பத்தைப் படிக்காமலே ஒதுக்குகின்றன. அமெரிக்கா போக எச்-1பி விசா வேண்டும் என்றால் பட்டமோ, அதற்குச் சமமான தகுதியோ காட்டியாக வேண்டும். இதையெல்லாம் மறைப்பதில் பயன் இல்லை.

தென்காசியைப் பாருங்கள்

ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அப்படி அல்ல. நம் நாட்டுக் கம்பெனியான ஸோகோ, 2005-ல் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. பிளஸ்-2, டிப்ளமா முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி. சம்பளம் கட்ட வேண்டாம். கம்பெனியே உதவித்தொகை தருகிறது. தென்காசியிலும் இந்தப் பள்ளி நடக்கிறது. தேர்வு கடினம்தான். வருகிற எல்லோருக்கும் இடம் கிடைக்காது.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒரு வழி இருக்கிறது. 2021 முதல் "டேட்டா சயின்ஸ்" பாடத்தை இன்டர்நெட் மூலம் நடத்துகிறார்கள். இதற்கு ஜே.இ.இ. பரீட்சை எழுத வேண்டியதில்லை. பிளஸ்-2வில் கலைப்பாடம் படித்தவரும் சேரலாம். முதலில் சில வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம்.

தெரிந்த தொழிலே துணை

அந்த பி.காம். பெண்ணுக்கு வருவோம். விற்ற அரிசி மூட்டையில் இரண்டு திரும்பி வந்தால், பில்லில் என்ன ஆகும்? வரியை எப்படிக் குறைப்பது? இது அவளுக்குத் தெரியும். பில் போடும் புரோகிராமை எழுதுகிற என்ஜினீயருக்கு இது தெரியாமல் இருக்கலாம். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கவும், வாங்கிய கடைக்காரருக்கு விளக்கிச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த வேலையில் நுழைந்து, மெல்ல புரோகிராமும் கற்றுக்கொண்டால் என்ன? ஆஸ்பத்திரியிலோ கிடங்கிலோ வேலை பார்த்தவருக்கும் இதே கதைதான்.

இப்போது கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டி கடுமையாகிவிட்டது. எழுதித் தந்தது சரியா, தவறா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நிற்க முடியும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் போதாது. தினம் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்து, ஓர் ஆண்டு பழக வேண்டும். கடைத்தெருவுக்குப் பயன்படும் சிறு புரோகிராம் ஒன்றைத் தானே செய்து காட்டினால், சான்றிதழைவிட அது நன்றாகப் பேசும்.

பணம் கட்டும் முன்...

பெற்றோர்களே! "மூன்று மாதப் பயிற்சி, நூற்றுக்கு நூறு வேலை" என்று விளம்பரம் பார்த்தால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். வேலை எந்தக் கம்பெனியில், என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். போன ஆண்டு படித்தவர்களில் இரண்டு பேரை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையின் அசல் சான்றிதழ்களை மட்டும் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும்.