மலையேறும் எஞ்சினும் மக்களின் மூச்சும்

நாட்டின் எண்ணெய்க் கணக்கைப் பற்றிப் பேசுவோர் கப்பலைப் பற்றிப் பேசுகின்றனர். டொலரைப் பற்றிப் பேசுகின்றனர். வரிசையைப் பற்றியும் பேசுகின்றனர். ஆனால் அவ்வெண்ணெய் எந்த எஞ்சினில் எரிகின்றது, அதில் எத்துணைப் பங்கு உழைப்பாக மாறுகின்றது, எத்துணைப் பங்கு புகையாகி மக்களின் நெஞ்சுக்குள் புகுகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. இக்கேள்வியை எழுப்ப மலைநாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நாவலப்பிட்டிக்கு மேலே ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏறிச் செல்லும் இருப்புப் பாதையும், அதன் இரு மருங்கிலும் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளும் டீசலின் அருமையையும் கொடுமையையும் ஒருங்கே அறிந்தவை.

இப்பாதை எவ்வாறு உண்டாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதம், கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வை அதன் ஒவ்வொரு வளைவிலும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து புறப்படும் வண்டி பட்டிப்பொலக்கு அருகே 1,898 மீற்றர் உயரத்தைத் தொடுகின்றது. 44 அடி சென்றால் ஓரடி ஏறும் சரிவு, கயிறு சுற்றினாற்போன்ற வளைவுகள், வரிசையாகச் சுரங்கங்கள். இத்தகைய பாதையில் எஞ்சினின் குறை ஒன்றும் மறைந்திருக்க இயலாது. சமதரையில் மூடி மறைத்த பிணியை மலை வெளிப்படுத்திவிடும்.

நீராவி எஞ்சின்கள் தாம் எரித்த நிலக்கரியின் சக்தியில் நூற்றுக்கு எட்டுப் பங்கைக்கூட உழைப்பாக மாற்றுதல் அரிது. 1897இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் றூடொல்ப் டீசல் காட்டிய எஞ்சினோ தொடக்கத்திலேயே 26 பங்கை மாற்றிற்று. இன்று பெருங் கப்பல்களில் உள்ள டீசல் எஞ்சின்கள் 50 பங்கைத் தாண்டுகின்றன. ஆதலால், பி. டி. றம்பாலா போன்ற பொறியியலாளர்கள் இலங்கைப் புகையிரதத்தை நீராவியிலிருந்து டீசலுக்கு மாற்ற முனைந்தது தக்க செயலே. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அளித்த எம் 2 வகை எஞ்சின்கள் ஒன்ராறியோ, அல்பேட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கி நம் மலைகளில் ஏறின. 1979இல் மேற்கு ஜேர்மனியின் ஹென்ஷெல் ஆலையிலிருந்து 1,650 குதிரைவலுவுடைய எம் 6 வகை வந்தது. இவ்விரண்டின் இதயமும் ஒரே குடும்பத்தது; அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் அமைத்த, 12 சிலிண்டர் கொண்ட இரண்டடி எஞ்சினே அது. பல பத்தாண்டுகள் உழைத்த அவ்வெஞ்சின்களின் உறுதியை எவரும் குறை கூற இயலாது. குறை வேறிடத்தில் உளது.

டீசல் எரிவதற்குக் காற்று வேண்டும். பட்டிப்பொல உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மேற்கூறிய பழைய எஞ்சின்களில் காற்றை உள்ளே தள்ளும் ஊதி, எஞ்சினின் சுழற்சியோடு பிணைந்தது. அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கன அளவையே தள்ளும்; மலையில் அந்த அளவுக்குள் காற்று மெலிந்திருக்கும். எண்ணெயோ மெலிவதில்லை. சாரதி வேகப்பிடியைத் திறந்ததும் எண்ணெய் முழு அளவில் பாய்கின்றது. காற்றுப் போதாத எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரும்புகையாக வெளியேறுகின்றது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயே அப்புகை என்பதை நாம் உணர வேண்டும்.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. வெளியேறும் சூட்டுப் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உட்செல்லும் காற்றை அமுக்கிக் கொடுக்கும் டேர்போ என்னும் கருவி பல பத்தாண்டுகளாக வழக்கில் உள்ளது. 1960களில் அதே அமெரிக்க நிறுவனம் விற்ற 16 சிலிண்டர் எஞ்சின், ஊதியோடு 2,000 குதிரைவலுவும் டேர்போவோடு 3,000 குதிரைவலுவும் அளித்தது. சிலிண்டரின் பருமன் ஒன்றே. காற்றின் நிறைவே வேறுபாடு. எனவே மலைப் பாதைக்கு எஞ்சின் வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா, குதிரைவலு எவ்வளவு என்பதன்று; 1,898 மீற்றர் உயரத்தில் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதே.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெளிவாக்க விரும்புகின்றோம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். எந்த வடிகட்டியாலும் அதைக் குறைத்தல் எளிதன்று. லீற்றரைக் குறைப்பதே வழி. ஆனால் கரியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் அத்தகையன அல்ல. அவை எண்ணெய் எரியும் முறையைப் பொறுத்தவை. சூடு மிகுந்தால் நைதரசன் ஒட்சைட்டு மிகும். சூடும் காற்றும் குறைந்தால் கரி மிகும். ஒன்றை அடக்க மற்றொன்று தலைதூக்கும். ஆகவே எண்ணெயை எந்நொடியில் பீச்சுவது, எவ்வளவு நுண்ணிய துளியாகப் பீச்சுவது என்பதை ஒழுங்கு செய்தலே பொறியியலாளரின் கலை. தேய்ந்த பீச்சுகருவி துளியைப் பெரிதாக்கும். தேய்ந்த வளையம் அமுக்கத்தைக் கசியவிடும். அடைபட்ட காற்று வடிகட்டி மூச்சை இறுக்கும். இம்மூன்றையும் உரிய காலத்தில் மாற்றுவதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. ஒழுங்கான மனம் வேண்டும். யானை வாங்கியவன் அங்குசம் வாங்க அழுவது போல, கோடி கொடுத்து எஞ்சின் வாங்கும் அரசாங்கம் உதிரிப்பாகத்துக்குப் பணமில்லை எனல் நகைப்புக்குரியது.

அடுத்து, வீணே நின்று எரியும் எண்ணெயை நோக்குவோம். இவ்வகைப் பெரிய எஞ்சின் ஒன்று அசையாது நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் மணிக்கு ஏறத்தாழ பத்து லீற்றரைக் குடிக்கும். நிறுத்தினால் மீண்டும் இயங்குமோ என்னும் அச்சம், மெலிந்த பற்றரி, கசியும் தடைக்காற்று ஆகியவையே அதை நிறுத்தாமைக்குக் காரணங்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓர் எஞ்சின் இவ்வாறு நின்றால் 15,000 லீற்றர் போகும். அதிலிருந்து 40 தொன் காபனீரொட்சைட்டு எழும். 2022 ஜூன் இறுதியில் டீசல் விற்ற 460 ரூபாய் விலையில் அதன் பெறுமதி 69 இலட்சம் ரூபாய். ஒரு மீற்றர் தூரமும் ஒரு பயணியைக் கொண்டுசெல்லாமல் எரியும் பணம் இது! பிற நாடுகளில் எஞ்சினைத் தானே நிறுத்தி, சூடும் காற்றழுத்தமும் குறையும்போது தானே இயக்கும் கருவிகள் பொருத்தப்படுகின்றன. அமெரிக்காவில் 1998இல் இயற்றிய விதிகள் 1973 முதற் கட்டிய எஞ்சின்களையும் விட்டுவைக்கவில்லை. பழைய எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேளையில் அதன் புகையும் குறிக்கப்பட்ட அளவுக்குள் வர வேண்டும் என்பது அவ்விதி. நம் நாட்டில் 2008 முதல் வீதி வாகனங்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு. வாடகைக்கு ஓடும் முச்சக்கர வண்டிக்காரனிடம் கேட்கும் சான்றிதழை, 1,000 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினிடமும் கேட்பதில் தவறு யாது?

இப்புகை அழகுக் கேடு மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று 2012இல் ஐயமற வகைப்படுத்திற்று. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. ஏற்றத்தில் மெல்ல நகரும் எஞ்சின் அதற்குள் கக்கும் புகை போவதற்கு வழியேது? கண்ணாடி மூடிய குளிர்சாதனப் பெட்டியில் இருப்போர் அதை உணரார். மூன்றாம் வகுப்பில் நெருங்கி நிற்கும் தாயும் குழந்தையும், எஞ்சினிலேயே நாளெல்லாம் நிற்கும் சாரதியும் உதவியாளரும், பாதையோர லயங்களில் வாழ்வோரும், சுரங்கத்தில் தண்டவாளம் காப்போருமே அதைச் சுவாசிப்பவர்.

தொழிற்சாலைகளின் கதையும் இதுவே. தேயிலைக் கொழுந்து வாடுவதற்குப் பல மணி நேரம் விசிறிக் காற்று வேண்டும். 2022இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது, டீசல் மின்பிறப்பாக்கி இல்லாத இடத்தில் கொழுந்து சூடேறிப் பாழாயிற்று. இருந்த இடத்தில் செலவு மலையாயிற்று. நல்ல சுமையில் ஓடும் பிறப்பாக்கி லீற்றருக்கு ஏறத்தாழ மூன்றரை அலகு மின்சாரம் தரும். கால் பங்குச் சுமையில் ஓடினால் அது மூன்றுக்கும் கீழே இறங்கும். எரியாத எண்ணெய் புகைக்குழாயிற் படிந்து எஞ்சினையும் கெடுக்கும். 460 ரூபாய் விலையில், நல்ல சுமையிற்கூட அலகொன்றுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் 130 ரூபாயைத் தாண்டிற்று. தேவைக்கு மிஞ்சிய பெரிய எஞ்சின் ஒன்றை வாங்கி அரைத் தூக்கத்தில் ஓட்டுவதைவிட, சிறிய இரண்டை வாங்கி ஒன்றை முழு உழைப்பில் ஓட்டுதல் சிக்கனம். இக்கணக்கை ஒவ்வொரு தொழிற்சாலை அதிகாரியும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில், தொழிற்சாலையின் எண்ணெய்ச் செலவு உயர்ந்தால் முதலில் இறங்குவது சிறு தோட்டக்காரனின் கொழுந்து விலையும் தொழிலாளியின் சம்பளப் பேச்சுமே. 2021இல் நெடும் போராட்டத்தின் பின் கிடைத்த 1,000 ரூபாய் நாட்சம்பளம், 2022 ஜூன் இறுதியில் இரண்டு லீற்றர் டீசலுக்குச் சற்று மேலாகவே மதிப்புடையதாயிற்று!

“இவ்வளவு குறை கூறுகின்றீர்களே, டீசலை ஒழித்து மின்சார வண்டி ஓட்டலாமே” என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. நம்மைப் போலவே அகன்ற பாதையுடைய இந்தியா, 2024 வாக்கில் அப்பாதைகளில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்ட பங்கை மின்மயமாக்கிவிட்டது. மலையிறங்கும் மின்சார வண்டி, தடையில் சூடாகி வீணாகும் சக்தியை மீண்டும் கம்பிக்கே அளிக்கவும் வல்லது. விமலசுரேந்திரா 1918இலேயே நீர்மின்சாரத்தின் பொருளாதாரத்தை எடுத்துரைத்த நாடு இது. 1950இல் லக்சபானவில் மின்சாரம் பிறந்த மலை இது. ஆயினும், பழஞ் சுரங்கங்களுக்குள் மின்கம்பி இழுத்து முடிக்கப் பல ஆண்டுகளும் பெருநிதியும் செல்லும். அதுவரை மக்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க இயலுமா? நாளைய மின்சாரத்தைக் காட்டி இன்றைய பீச்சுகருவியை மாற்றாதிருத்தல் சோம்பலுக்குச் சொல்லும் சாட்டு.

வேறு சிலர், “புகையிரதம் புகை கக்குகின்றதாயின் பாதையை மூடிவிட்டு லொறியை ஓட்டுவோம்” என்பர். இஃது அதனினும் பெரும் பிழை. இரும்பின்மேல் உருளும் இரும்புச் சக்கரம், தார் வீதியில் உருளும் றப்பர்ச் சக்கரத்தைவிட மிகக் குறைந்த எண்ணெயில் அதே பாரத்தை இழுக்கும். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் லொறி லொறியாக இறங்குவது சிக்கனத்தின் அடையாளமன்று. புகையிரதப் பொதிச் சேவை நலிந்ததன் அடையாளம். நாம் கேட்பது நல்ல எஞ்சினை. எஞ்சினே வேண்டாம் என்றன்று.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. பாதையைச் செப்பனிடப் பணமும் சிந்தனையும் ஒதுக்கும் அரசாங்கம், அதன்மேல் ஏறும் எஞ்சினையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். நம் கோரிக்கைகள் எளியவை. ஒவ்வோர் எஞ்சினும் இழுத்த பாரத்துக்கும் தூரத்துக்கும் குடித்த எண்ணெயைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிடுக. இரத்மலானை வேலைத்தளத்தில் புதுப்பிக்கப்படும் ஒவ்வோர் எஞ்சினின் புகையையும் அளந்து, அளவுக்குள் வந்த பின்னரே மலைக்கு அனுப்புக. வீணே நிற்கும் எஞ்சினை நிறுத்த வழி செய்க. புதிய எஞ்சினுக்கு ஒப்பந்தம் எழுதும்போது மலை உயரத்தில் அதன் வலுவையும் புகையளவையும் உதிரிப்பாகத்தையும் அவ்வொப்பந்தத்திலேயே சேர்த்து எழுதுக. இவையனைத்தையும் செய்யும் தொழில்நுட்பர் வேண்டும். அப்பயிற்சியை மலையக இளைஞருக்கும் யுவதிகளுக்கும் அவர்தம் தாய்மொழியிலேயே அளித்திடுக. கொழுந்துக் கூடையைச் சுமந்த தோள்களின் பிள்ளைகள் எஞ்சினின் இதயத்தையும் திறந்து செப்பனிட வல்லவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

தேர்தல் காலத்தில் மலையேறி வருவோரிடம் நம் வாசகர்கள் பாதையையும் பாலத்தையும் கேட்பது வழக்கம். இனி எண்ணெய்க் கணக்கையும் கேளுங்கள். நம் பணத்தில் வாங்கிய டீசல் நம் பாரத்தை இழுக்க வேண்டும். நம் நெஞ்சை அரிக்கலாகாது.